நான்காம் லைன் டோக்கன் நோட்டு

பிப்ரவரி 2, ஞாயிறு

டாக்டர் கொடுத்த தாளில் ஐந்து கட்டங்கள் இருக்கின்றன. எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தீர்கள், எவ்வளவு போனது, அவசரம் இருந்ததா, வழியில் கசிந்ததா. மூன்று நாள் நிரப்பிக்கொண்டு வந்தால்தான் மாத்திரை தருவாராம். நாற்பத்தெட்டு வயதில் ஒண்ணுக்குப் போனதற்குக் கணக்கு எழுதச் சொல்கிறார்கள். தாளை மடித்து இந்த டைரிக்குள் வைத்துவிட்டேன். நூல் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி, ஒரு பக்கம்கூட எழுதாமல் கிடந்தது. கட்டத்துக்குள் எழுத முடியாததை இதில் எழுதலாம் என்று தோன்றியது.

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் பட்ட பாட்டை எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எட்டுப் பேர் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். அங்கே வேலை செய்யும் பெண் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, யாருக்கு முட்டிக்கொண்டு வருகிறது என்று ஆண்கள் பெண்கள் எல்லோர் முன்பும் சத்தமாகக் கேட்டாள். மற்றவர்கள் இன்னும் இல்லை, இன்னும் இல்லை என்றார்கள். எனக்குக் கால் லிட்டரிலேயே வந்துவிட்டது. கையைத் தூக்கினேன். உள்ளே போய்க் கட்டிலில் ஏறுவதற்குள் பாவாடை நனைந்துவிட்டது. அந்தப் பெண் ஒரு பழைய துணியை எடுத்து நீட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

டாக்டர் பெயர் இளம்பரிதி. என் தம்பியைவிடச் சின்னவர். காலையில் அரசு ஆஸ்பத்திரி, சாயங்காலம் சொந்த கிளினிக். கல் இல்லை, கிருமி இல்லை, பை நிறைவதற்கு முன்பே சுருங்கிவிடுகிறது என்று படம் போட்டுக் காட்டினார். பயப்படும் வியாதி இல்லையாம். தாளின் ஓரத்தில் ஒரு மாத்திரையின் பெயரை எழுதி, கணக்கைப் பார்த்த பிறகு இதைத் தொடங்கலாம் என்றார்.

வீட்டுக்காரரிடம் சர்க்கரை டெஸ்ட் எடுக்கப் போனேன் என்று சொல்லியிருக்கிறேன். சர்க்கரை கௌரவமான வியாதி.

பிப்ரவரி 3, திங்கள்

தாளை எடுக்கவில்லை. கம்பெனியில் எப்படி எடுப்பது?

எங்கள் பனியன் கம்பெனியில் லைனுக்கு ஒரு சிவப்பு டோக்கன். நான்காம் லைனின் டோக்கன் சூப்பர்வைசரான என் டேபிளில் இருக்கும். முப்பத்தெட்டு மெஷின், முப்பத்தெட்டுப் பெண்கள், ஒரே டோக்கன். யார் போனாலும் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நான் நோட்டில் பெயர், போன நேரம், வந்த நேரம் எழுத வேண்டும். கக்கூஸ் வாசலில் மாராத்தாள் உட்கார்ந்திருக்கிறாள். டோக்கன் இல்லாமல் முதலாளியம்மா வந்தாலும் விட மாட்டாள். யார் பெயரும் எழுத மாட்டாள், ஒவ்வொரு முறைக்கும் லைன் பேரில் ஒரு கோடு போடுவாள். சாயங்காலம் அவள் கோடும் என் நோட்டும் ஒத்துப்போக வேண்டும். ஒரு பெயரில் நாலுக்கு மேல் போனால் எச்.ஆரிலிருந்து கேள்வி வரும்.

ஒன்பது வருடமாக இந்த நோட்டை நான்தான் எழுதுகிறேன். காலையில் வீட்டில் போனால் திரும்ப சாயங்காலம் வீட்டில்தான், அப்படித்தான் நான் பதினெட்டு வருடம் தைத்தேன் என்று புதிதாக வரும் பெண்களிடம் சொல்வேன். பெருமையாகத்தான் சொல்வேன். காலையில் அரை டம்ளர், மதியம் சாப்பாட்டோடு அரை டம்ளர், அவ்வளவுதான் தண்ணீர். இளம்பரிதி டாக்டர் அதையும் சீட்டில் குறித்துக்கொண்டார்.

இன்று நோட்டில் பதினேழாம் மெஷின் ஜெயக்கொடி ஏழு முறை. ஆண்டிபட்டிப் பக்கத்துப் பெண், இருபத்தேழு வயது, புருஷன் கேரளாவில் கட்டட வேலை. வந்து ஆறு வாரம் ஆகிறது, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். எதிர்த்துப் பேசாத பெண்.

பிப்ரவரி 5, புதன்

பஸ்ஸில் தும்மல் வந்தது. இடம் கிடைத்தும் உட்காராமல் வீடுவரை நின்றே வந்தேன்.

பிப்ரவரி 8, சனி

ஷிப்மெண்ட் நெருக்கடி. பதினொன்றரை மணிக்கு ஜெயக்கொடி எழுந்து வந்து டோக்கன் கேட்டாள். அவள் பெயரில் அதற்குள் நாலு ஆகிவிட்டது.

"உன்ற கணக்குல நாலு இருக்குது. மத்தியானம் போய்க்கலாம், போய்த் தை."

"நான் காலையில இருந்து போகவே இல்லையேக்கா."

"நோட்டு பொய் சொல்லுதா?"

அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. எதற்குக் கோபம் என்று தெரியவில்லை. அவளுக்கு ஐந்தாவது எழுதினால் எச்.ஆர். கேட்பார்கள், அவளுக்குத்தானே கெட்ட பெயர். அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

மதியமும் அவளுக்கு டோக்கன் கிடைக்கவில்லை. டோக்கன் டேபிளில் இல்லாத நேரம். யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

கையிருப்பு: பையில் மாற்றுப் பாவாடை இரண்டு. கறுப்பு, அடர் நீலம் தவிர வேறு சேலை கட்டுவதில்லை. வேலை செய்யும் பெண்கள், அக்காவுக்குக் கறுப்புதான் ராசி போல என்று கேலி செய்கிறார்கள். சிரித்துவைத்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். வீட்டுக்காரர் சென்னியப்பன் பழனிக்கு நடந்து போயிருக்கிறார். கம்பெனி லீவு. வீட்டில் நான் மட்டும், பத்தடி தூரத்தில் கக்கூஸ். யாரிடமும் எதுவும் சொல்லாமல் எட்டு முறை போனேன், ஒரு முறைகூட வழியில் நனையவில்லை. பாவாடைகளை எல்லாம் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, மாடிக் கொடியில் அவர் வேட்டிகளுக்குப் பின்னால் காயப்போட்டேன். அழலாம் போல இருந்தது. ரேடியோவைப் போட்டுவிட்டு ரசம் வைத்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

வியாழக்கிழமை தோறும் கம்பெனிக்கு ஒரு டாக்டர் வருவார். ஆளுக்கு ஐந்து நிமிடம்தான். எங்கள் கம்பெனி வழக்கப்படி, டெய்லருக்கு உடம்பு சரியில்லை என்றால் சூப்பர்வைசரும் கூட நிற்க வேண்டும். வியாதியை நாங்கள் சொல்வோம், அவர்கள் தலையை ஆட்டுவார்கள். அவர்களைப் பேசவிட்டால் நேரமாகும் என்று வைத்த வழக்கம்.

ஜெயக்கொடியின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு எச்.ஆர். சுதர்சனே அவளை டாக்டரிடம் காட்டச் சொல்லி, நோட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருந்தான். டாக்டர் அதைப் பார்த்தார். ஒன்பது, எட்டு, பதினொன்று.

அவளாகவே வாயைத் திறந்தாள். "நான் அத்தன தடவ போறதில்ல சார். ஒருக்கா, ரெண்டு தரம். அடிவயிறு கல்லுமாதிரி இருக்கு. போனாலும் முழுசா போனாப்புல இல்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதத்தான் வேண்டும். நோட்டு நான் கையால் எழுதுவது சார் என்று சொன்னேன். அது பொய் இல்லை.

பெண்கள் இந்த விஷயத்தைக் கூச்சப்பட்டு மறைப்பார்கள் என்று சொல்லிவிட்டு அவர் சீட்டு எழுதினார். அடிக்கடி வருவதைக் குறைக்கும் மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று. சீட்டை நான்தான் வாங்கினேன். அந்தப் பெயரை எனக்குத் தெரியும். இளம்பரிதி டாக்டர் என் தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டிய அதே பெயர்.

பிப்ரவரி 17, திங்கள்

புரொடக்‌ஷன் மேனேஜர் சம்பத் சார் கூப்பிட்டு, ஏப்ரலிலிருந்து நீங்கள்தான் ஃப்ளோர் இன்சார்ஜ், நான்கு லைனும் உங்கள் கையில் என்றார். போன வருடம் இன்னொரு லைன் சூப்பர்வைசர் ருக்மணிக்கு வர வேண்டியது. அவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று தெரிந்ததும், உடம்பு முடியாதவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். நான் நன்றி சார் என்று சொல்லிக்கொண்டே தொடை இரண்டையும் இறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் ரூமில் ஏசியின் குளிர் வேறு. வெளியே வந்து மாராத்தாளிடம் டோக்கனைக் காட்டக்கூட நிற்காமல் ஓடினேன்.

சாயங்காலம் சென்னியப்பன் அல்வா வாங்கி வந்தார்.

ஜெயக்கொடி இன்று டோக்கன் கேட்கவே இல்லை. முகம் ஊதினாற்போல இருந்தது. நோட்டில் ஆறு.

பிப்ரவரி 19, புதன்

மூன்று மணிக்கு பதினேழாம் மெஷின் நின்றது. ஜெயக்கொடி மெஷின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். உடம்பு கொதித்தது. வயிறு ஏழு மாதக்காரிக்கு இருப்பதுபோல மேடிட்டிருந்தது. ஹாஸ்டல் வார்டன் வேனில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ராத்திரி போன் செய்து சொன்னாள்: முந்தாநாள் இரவிலிருந்து ஒரு சொட்டுகூடப் போகவில்லையாம், ட்யூப் போட்டதும் ஒன்றேகால் லிட்டர் வந்ததாம், கிட்னிவரை கிருமி ஏறியிருக்கிறதாம்.

ஒன்றேகால் லிட்டர். எனக்குக் கால் லிட்டரே தாங்காது.

பிப்ரவரி 20, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஹார்லிக்ஸும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனேன். ஜெயக்கொடி சுவர் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் மூத்திரப் பை தொங்கியது. என்னைப் பார்த்ததும் முதல் வேலையாகத் துண்டை எடுத்து அதன்மேல் போட்டாள். பக்கத்துக் கட்டில்காரிக்கு மறைக்கவில்லை. எனக்கு மறைத்தாள்.

அவள் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்று கும்பிட்டார். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் கும்பிட்டிருக்கிறார்கள், இப்படி எரிந்ததில்லை.

அப்போது டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். இளம்பரிதி. நான் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தூண் பக்கம் நகர்ந்தேன். கம்பெனியிலிருந்து அனுப்பிய எங்கள் நோட்டின் ஜெராக்ஸைக் கையில் வைத்திருந்தார். தினம் பதினோரு முறை போன பெண்ணுக்கு எப்படி மொத்தமாக அடைக்கும், அந்த மாத்திரை மட்டும் இவ்வளவு செய்யாதே, தண்டுவட நரம்பில் ஏதாவது இருக்குமோ என்று கூட வந்த டாக்டரிடம் பேசினார். கோயம்புத்தூருக்கு அனுப்பி முதுகு ஸ்கேனும் நரம்பு டெஸ்ட்டும் எடுக்க வேண்டும், அதுவரை ட்யூப் இருக்கட்டும் என்றார். ஜெயக்கொடி மறுபடியும் சொன்னாள், நான் அத்தனை முறை போனதில்லை என்று. எழுதியிருக்கிறதே அம்மா என்றார் அவர், கோபமில்லாமல்.

அவர் போன பிறகு அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "முதுகுல ஊசி போடுவாகளாம்மா? கால் வெளங்காமப் போயிருமா?"

தெரியவில்லைங்க என்று சொன்னேன். எனக்குத் தெரியும். அங்கே எல்லோரையும்விட எனக்குத்தான் தெரியும்.

பிப்ரவரி 24, திங்கள்

சுதர்சன் சொன்னான், ஜெயக்கொடிக்கு லெட்டர் தயார் செய்கிறார்களாம். நரம்பு வியாதி, தையல் வேலைக்கு லாயக்கில்லை என்று கணக்கு முடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த வாரக் கடைசியில் கையெழுத்தாகும்.

இந்த டைரியைப் புரட்டிப் பார்த்தேன். எவ்வளவு நேக்காக எழுதியிருக்கிறேன். "நோட்டில் ஏழு." "நோட்டில் ஆறு." என் டைரியிலேயே எனக்குச் சொல்லத் துணிவில்லை. இப்போது எழுதுகிறேன். அவள் போன ஒன்றிரண்டைத் தவிர, அந்த ஏழும் ஆறும் பதினொன்றும் நான் போனது. மாராத்தாள் கோடு போட்டுவிடுகிறாளே, யார் பெயரையாவது எழுதித்தான் ஆக வேண்டும். என் பெயரை எழுத முடியவில்லை. சூப்பர்வைசர் பதினோரு முறை என்று நோட்டில் வந்தால் சுதர்சன் படிப்பான், சம்பத் சார் படிப்பார், என் லைன் பெண்கள் படிப்பார்கள். ஒருவர் பெயரில் இரண்டு, இன்னொருவர் பெயரில் இரண்டு என்று பிரித்து எழுதியிருக்கலாம். மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பயம். ஜெயக்கொடி வர மாட்டாள். அதனால் அவள்.

அதோடு நின்றதா? அவள் பெயரில் நான் போய்ப் போய் அவள் உண்மையிலேயே கேட்டபோது நோட்டில் இடமில்லாமல் போயிற்று. எனக்கு வந்திருக்க வேண்டிய மாத்திரை அவள் வயிற்றுக்குள் போயிற்று. அடைபட்டுக் கிடந்தவளை இன்னும் அடைத்தது.

கேவலம். வேறு சொல் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஜெயக்கொடி இல்லை. நாலு நாளாக டோக்கன் எடுக்காமல், துணியை மடித்து வைத்துக்கொண்டு ஓட்டினேன். டோக்கனை எடுத்தால் யார் பெயர் எழுதுவது? பத்து மணிக்கு எடுக்கப் போனேன். இருபத்திரண்டாம் மெஷின் பெண்ணின் பெயரில் முதல் எழுத்து எழுதிவிட்டேன். அதற்குமேல் கை ஓடவில்லை. அடித்துவிட்டு டோக்கனை வைத்துவிட்டேன். அடக்கினேன். பதினொன்று, பதினொன்றரை. லைன் நடுவில் ஒரு பீஸைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. காலோடு வழிந்து செருப்புக்குள் இறங்கிற்று.

பக்கத்து மெஷின் மேல் யாரோ ஆற வைத்திருந்த டீ இருந்தது. அதை எடுத்து என் சேலைமேல் நானே கொட்டிக்கொண்டேன். டீ கொட்டிவிட்டது என்றேன், சிரித்துக்கொண்டே.

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று மெஷின் நின்று மறுபடி ஓடியது. முப்பதாம் மெஷின் பெண் ஒரு கை பனியன் வேஸ்ட் துணியை எடுத்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

சாயங்காலம் சென்னியப்பன், சேலையெல்லாம் டீக்கறையா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

மூன்று நாள் தாள் முடிந்தது. கம்பெனியில் இருக்கும்போது எப்படி எழுதினேன் என்றால், டோக்கனை எடுத்து நோட்டில் என் பெயரையே "வசந்தாமணி" என்று எழுதிவிட்டுப் போனேன். கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று. மூன்று நாளில் முப்பத்திரண்டு முறை. இன்னும் யாரும் கேட்கவில்லை, திங்கட்கிழமை கேட்பார்கள். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தத் தாளை டாக்டரிடம் கொடுத்தால்? ஒன்பதே கால், பத்து, பத்தே முக்கால், பதினொன்றரை. முக்கால் மணிக்கு ஒருமுறை, மதிய டீக்குப் பிறகு அரை மணிக்கு ஒருமுறை. அந்த ஜெராக்ஸிலும் இதே ஓட்டம்தான். கம்பெனிப் பெயரும் ஒன்று. அவர் முட்டாள் இல்லை.

அதனால் இன்னொரு தாளை எடுத்து வேறு மாதிரி எழுதினேன். நாளைக்கு ஐந்து முறை, கசிவு எப்போதாவது. நல்ல கையெழுத்தில், ஒரு அடித்தல்கூட இல்லாமல். பொய்யை எழுதும்போது எனக்குக் கை கோணுவதே இல்லை என்று பார்த்தேன். இரண்டு தாளும் பையில் இருக்கின்றன.

மார்ச் 1, சனி

கிளினிக்கில் ஏழாவது டோக்கன். அங்கேயும் டோக்கன்தான். முன்னால் ஆறு பேர் போய் வரும்வரை இரண்டு தாளையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தேன். பொய்த் தாளைக் கொடுத்தால் எனக்கும் தப்பான வைத்தியம் நடக்கும், அது எனக்கு வேண்டியதுதான் என்றுகூடத் தோன்றியது. ஆனால் திங்கட்கிழமை அந்தப் பெண்ணைக் கோயம்புத்தூருக்கு ஏற்றுகிறார்கள். லெட்டரும் கையெழுத்தாகிவிட்டது.

உள்ளே போய் நிஜத் தாளைக் கொடுத்தேன். அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே, நின்றபடி, சொல்லிவிட்டேன். "உங்க ஆஸ்பத்திரில இருக்கற ஜெயக்கொடிங்க. அந்த நோட்டுல இருக்கறது அவ போனதில்லைங்க. நான் போனதுங்க. அவளை நான் போகவே விடலைங்க."

அவர் தாளைக் கீழே வைத்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். உண்மையில் அவள் எத்தனை முறை போவாள் என்று கேட்டார். பதினொன்றரை மணி நேர ஷிப்டில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்றேன். உடனே போனை எடுத்து வார்டுக்குப் பேசினார். கோயம்புத்தூர் வேண்டாம், அடக்கி அடக்கிப் பை விரிந்துபோன கேஸ், அதன்மேல் அந்த மாத்திரையும் கிருமியும் சேர்ந்திருக்கிறது, திங்கட்கிழமை ட்யூபை எடுத்துப் பார்க்கலாம் என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"அந்தப் பொண்ணு மூணு தடவை என்கிட்ட சொல்லுச்சு. நான் பேப்பரைத்தான் நம்பினேன்."

என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். அவர் தன்னைச் சொல்லிக்கொண்டார். எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

பிறகு என் வைத்தியத்துக்கு வந்தார். டீயை இரண்டாகக் குறைக்க வேண்டும், தண்ணீரைக் குறைக்கக் கூடாது. முட்டும்போது ஓடாமல் நின்று கீழ்ச்சதையை இறுக்கி விட வேண்டும், தினமும் அதற்கென்று பயிற்சி. முக்கால் மணி இடைவெளியை ஒரு மணியாக்க வேண்டும், அடுத்த வாரம் ஒன்றேகால். கூடவே அந்த மாத்திரை. 

வீட்டுக்கு வந்து சென்னியப்பனிடம் சர்க்கரை இல்லை, இதுதான் என்று சொன்னேன். அவர், அதனால்தான் நீ கல்யாணங்களுக்கு வருவதில்லையா, என்மேல் ஏதோ கோபம் என்றல்லவா இருந்தேன் என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

ஜெயக்கொடியின் அம்மாவை டீ குடிக்க அனுப்பிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எங்கே தொடங்குவது என்று வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்ததெல்லாம் போயிற்று. நோட்டில் உன் பெயரை எழுதிக்கொண்டு நான்தான் போனேன் என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்க்கா" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"வந்த மூணாவது வாரமே பாத்தேன். நோட்டு உங்க டேபிள்ல தொறந்துதான கெடக்கும். நீங்க டோக்கன எடுத்துட்டு ஓடுவீங்க, திரும்பி வந்து எம்பேர எழுதுவீங்க."

பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன். 

"ஒரு நாள் நீங்க உள்ள போறதுக்குள்ள வாசல்லயே ஆயிருச்சு. நீங்க பாக்கல, டோக்கன் வாங்கிக்கலாம்னு பின்னாலயே வந்து நான் நின்னேன். மாராத்தா அக்கா பாக்குறதுக்குள்ள நாந்தான் துணி போட்டுத் தொடச்சேன். கேட்டா உங்களுக்கு அசிங்கமாப் போயிரும்னு விட்டுட்டேன். எனக்கு இப்பிடி ஆகும்னு நெனைக்கலக்கா."

அழுதேன். நேற்றே டாக்டரிடம் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் துண்டை விலக்கிப் பை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்தாள். மறைத்துக்கொள்ளவில்லை.

"டாக்டர்ட்ட சொன்னது சரிக்கா. கம்பெனிலயும் சொல்லுங்க. மொத்தமா ஒரு வார்த்தை இல்ல. எம்பேரு எங்கெல்லாம் இருக்கோ, அங்கெல்லாம் அடிச்சிட்டு உங்க பேர எழுதுங்க. ஒவ்வொண்ணா."

மார்ச் 4, செவ்வாய்

நேற்று ட்யூபை எடுத்தார்களாம். இரண்டு மணி நேரம் கழித்துத் தானாகவே போனதாம், ஸ்கேனில் பை கிட்டத்தட்டக் காலியாம். அவள் அம்மா காலையில் போனில் சொன்னார். நல்லதுங்கம்மா என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது.

என் பெயரில் இருக்கும் எண்ணிக்கையைப் பற்றி நேற்றும் யாரும் கேட்கவில்லை. பத்து மணிக்கு நானாகவே நோட்டுகளோடு எச்.ஆர். ரூமுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் சுதர்சன் முகம் சிவந்துவிட்டது. அவனுக்கு முப்பது வயதுகூட இல்லை. ஜெயக்கொடியின் லெட்டரை நிறுத்திவிடுகிறேன், நீங்கள் ஒரே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும் மேடம், சம்பத் சாரிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றான். தப்பிக்க நல்ல வழி. இல்லை, ஒவ்வொன்றாகத்தான் திருத்துவேன், நீங்கள் கூடவே இருந்து பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

ஜெயக்கொடியை அடித்துவிட்டு வசந்தாமணி. அடித்துவிட்டு வசந்தாமணி. நடுநடுவே உண்மையிலேயே அவள் போனவை வந்தன. காலை டீக்கு ஒன்று, மதியம் ஒன்று. எது அவளுடையது என்று எனக்குக் குழப்பமே இல்லை, அவற்றைத் தொடவில்லை. எட்டு வாரத்தில் அவை அறுபத்தொன்றுதான் இருந்தன. கட்டிங் பிரிவிலிருந்து இரண்டு பேர் லீவு ஃபாரத்தோடு வந்தார்கள், நின்று பார்த்தார்கள், போனார்கள். சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். சம்பத் சார் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, நாளைக்கு என்னை வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இன்சார்ஜ் போயிற்று. சூப்பர்வைசரும் போகலாம்.

இரண்டாவது நோட்டின் நடுவில் சுதர்சன் பேனாவை நிறுத்தினான். பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தான்.

"எல்லாமே நீங்களா மேடம்?"

"எல்லாமே நான்தானுங்க."

அப்போதே முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் சொன்னபடி இறுக்கிப் பார்த்தேன், கொஞ்சம் அடங்கியது, மறுபடி வந்தது. முன்பென்றால் போன் வந்ததுபோல நடித்துக்கொண்டு எழுந்திருப்பேன். பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்தேன். ஒண்ணுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டு எழுந்து போனேன்.